வலிக்குதுன்னு உட்கார வைக்காதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரியும் உறுப்பினர் மகள் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது.)



என்னை உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். கொரட்டூர்ல எங்க அம்மா குழு ஆரம்பிச்ச நாள்ல இருந்து உறுப்பினர். நான் பிசியோதெரபி படிச்சப்போ முதல் வருஷ ஃபீஸ் குழுவோட உள்கடன்ல கட்டினதுதான். கடன் முடிஞ்சு போச்சு. ஆனா நீங்க கூப்பிட்டா வர்ற கடமை முடியல. அதனால வந்துட்டேன்.

இன்னைக்கு நான் பேசப் போறது குழந்தைகளுக்கு வர்ற மூட்டு வாதத்தைப் பத்தி. "மூட்டு வலின்னா அது எங்களுக்குத்தானே, சின்னப் பிள்ளைக்கு ஏது?"ன்னு இப்பவே பின்னாடி ஒரு அம்மா கேக்குறாங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். வருஷா வருஷம் அக்டோபர் 12-ம் தேதி உலக மூட்டு வாத நாள். அதுக்கு ஒட்டுற போஸ்டர்ல எப்பவும் முட்டியைப் பிடிச்சிட்டு நிக்கிற பாட்டி படம்தான் இருக்கும். ஒரு பிள்ளை படத்தை நான் பார்த்ததில்ல.

ஆனா இது புதுசா வந்த நோய் இல்லை. 1897-லேயே லண்டன்ல ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்கிற டாக்டர், மூட்டு வீங்கின 22 குழந்தைகளைப் பார்த்து, பெரியவங்களுக்கு வர்றதும் இதுவும் ஒண்ணு இல்லைன்னு எழுதினார். மேல்நாடுகள்ல சுமாரா ஆயிரம் பிள்ளைகள்ல ஒண்ணுக்கு இது இருக்குன்னு கணக்கு சொல்றாங்க. 16 வயசுக்குள்ள ஒரு பிள்ளைக்கு மூட்டு வீங்கி, வேற காரணம் எதுவும் இல்லாம 6 வாரத்துக்கு மேல நீடிச்சா, டாக்டருங்க இந்த நோயைச் சந்தேகப்படுவாங்க. உடம்போட எதிர்ப்புச் சக்தி கிருமியைத் தாக்குறதுக்குப் பதிலா சொந்த மூட்டோட உள் சவ்வையே தாக்குது. அம்மா கர்ப்பமா இருக்கும்போது சாப்பிட்டது, சாப்பிடாதது எதுவும் இதுக்குக் காரணம் இல்லை. ஒட்டுவார் ஒட்டி நோயும் இல்லை. இதை மாமியாருங்க இருக்கிற பக்கம் பார்த்து இன்னொரு தடவை சொல்றேன்: அம்மா மேல தப்பு இல்லை.

ஏன் இதை எடுத்துப் பேசுறேன்னா, நம்ம குழு ஒண்ணுல நடந்த விஷயத்தைச் சொல்லணும். அந்த அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன், பேர் சொல்லல.

திருமுல்லைவாயல் பக்கம். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல், அப்பா ஆட்டோ. தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு அந்த அம்மா வரல, சேமிப்பும் கட்டல. ஊக்குநர் அக்காவும் இன்னும் ரெண்டு பேரும் என்ன ஏதுன்னு கேக்க வீட்டுக்குப் போயிருக்காங்க. போனா, நாலாவது படிக்கிற பொண்ணு கட்டில்ல உட்கார்ந்திருக்கு. ரெண்டு முட்டியும் வீங்கி, வலது முட்டி மடங்கினபடியே நிக்குது. பாத்ரூமுக்குப் பாட்டி தூக்கிட்டுப் போறாங்க. அம்மா வேலையை விட்டு ரெண்டு மாசம். அதுக்குள்ள எட்டு மாசமா எங்கெங்கேயோ சுத்தியிருக்காங்க. ஒருத்தர் "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்"னு சொன்னார். இன்னொரு இடத்துல முட்டிக்கு மூங்கில் பத்தை வெச்சுக் கட்டி, மூணு வாரம் அசைக்கக் கூடாதுன்னு அனுப்பிட்டாங்க. கட்டைப் பிரிச்சப்போ தொடை ஒரு சுற்று மெலிஞ்சிருந்தது, முட்டி நீளவே இல்லை.

பணம் கேக்கப் போனவங்க பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம, மறுநாள் அந்தப் பொண்ணை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆவடி லைன் ரயில்ல சென்ட்ரல், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். படியில மாத்தி மாத்தித் தூக்கினது குழு உறுப்பினர்கள்தான். பரிசோதனை எல்லாம் முடிச்சு நோய்க்கு ஒரு பேர் கிடைச்சது, மருந்து ஆரம்பிச்சாங்க. அப்புறம்தான் பயிற்சிக்கு என்கிட்ட வந்தாங்க.

நான் அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல கேட்டது, "எது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?"ன்னு. வலின்னு சொல்லும்னு நினைச்சேன். அது சொல்லிச்சு: "பி.டி. பீரியட்ல எல்லாரும் ஓடும்போது என்னைப் பை காவலுக்கு உட்கார வெச்சிடுறாங்க அக்கா."

இதுதான் நான் உங்ககிட்ட சொல்ல வந்தது. இந்தப் பிள்ளைகளை நாம பாவம் பார்த்தே முடக்கிடுறோம். "ஓடாதே, குதிக்காதே, வலிக்கும், உட்கார்"னு சொல்றது பாசமாத்தான் தெரியும். ஆனா மூட்டுக்கு அது விஷம்.

ஏன்னு சொல்றேன். மூட்டுல எலும்பு முனையை மூடின மாதிரி வழுவழுன்னு குருத்தெலும்பு இருக்கு. அதுக்கு ரத்தக் குழாய் கிடையாது. சாப்பாடு எப்படிப் போகும்? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை அமுக்கி விட்டா தண்ணி வெளியே போய் உள்ளே வருதுல்ல, அதே மாதிரி நடக்கும்போதும் மடக்கி நீட்டும்போதும்தான் மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல இருந்து அதுக்குச் சத்து போகும். அசையாத மூட்டுக்குச் சாப்பாடு சரியாப் போகாது. ரெண்டாவது, வீங்கின முட்டி கொஞ்சம் மடங்கி இருந்தா வலி குறைவா இருக்கும். அதனால பிள்ளை மடக்கியே வெச்சுக்கும், நாமும் பாசமா முட்டிக்கு அடியில தலையணை வைப்போம். சில வாரத்துல பின் தொடை நரம்பு, சதை எல்லாம் அந்த அளவுக்கே சுருங்கி, அப்புறம் நீட்டணும்னாலும் நீளாது. மூணாவது, வளர்ற பிள்ளையோட எலும்பு பாரம் விழுந்தாத்தான் கெட்டிப்படும். உட்கார்ந்தே இருந்தா எலும்பும் மெலியும், சதையும் மெலியும். சதை மெலிஞ்சா மூட்டு மேல விழற பாரம் கூடும், வலி இன்னும் கூடும். வலி கூடினா இன்னும் உட்கார வைப்போம். இந்தச் சுழல்லதான் நிறைய பிள்ளைகள் மாட்டிக்குது.

டாக்டருங்களே ஒரு காலத்துல இந்தப் பிள்ளைகளை மாசக் கணக்கா படுக்க வெச்சாங்க, கை கால்ல பத்தை கட்டினாங்க. இப்ப அப்படி இல்லை. 2008-ல, அதுவரை நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்துப் பார்த்தது. தேறினது 3 ஆய்வு, 212 பிள்ளைகள். பயிற்சி செஞ்சதால நோய் அதிகமாச்சான்னு பார்த்தா, இல்லை. பயிற்சியே நோயைக் குணமாக்கிடும்னும் அவங்க சொல்லல. பயந்த கெடுதல் நடக்கலன்னு சொன்னாங்க. 2020-ல உலக சுகாதார நிறுவனம், 5 முதல் 17 வயசு வரை உள்ள பிள்ளைகள் சராசரியா தினம் 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்குற மாதிரி ஓடியாடணும்னு சொல்லிச்சு. உடல் குறை உள்ள பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிஷம்தான் அவங்க சொன்ன இலக்கு. முதல் நாளே 60 நிமிஷம் வேண்டாம். 10 நிமிஷத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தலாம்.

இங்க ஒண்ணைத் தெளிவாச் சொல்லணும். பயிற்சி மருந்துக்குப் பதில் இல்லை. மருந்து வீக்கத்தை அடக்கும், பயிற்சி மூட்டைக் காப்பாத்தும். ரெண்டும் வேணும். இந்த நோய்க்கு நிறைய பிள்ளைகளுக்கு மீத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை தருவாங்க. அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போடணும். மறந்துபோய் தினமும் கொடுத்தா ஆபத்து, உயிருக்கே ஆபத்து. அதனால காலண்டர்ல ஒரு கிழமையை வட்டம் போட்டு வைங்க, மாத்திரையைப் பெரியவங்க கையால கொடுங்க. வீக்கம் வடிஞ்சதும் "சரியாயிடுச்சு"ன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது.

இன்னொரு விஷயம் கண். இந்த நோய் சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள்ள அழற்சியைக் கொண்டு வரும். கண் சிவக்காது, வலிக்காது, பிள்ளைக்கே தெரியாது. பார்வை குறைஞ்ச பிறகுதான் தெரியும். அதனால டாக்டர் சொன்ன கணக்குப்படி, சில பிள்ளைகளுக்கு 3 மாசத்துக்கு ஒரு தடவையே, கண் டாக்டர்கிட்ட விளக்கு வெச்ச கருவியில காட்டணும். 1819-ல ஆரம்பிச்ச அரசு கண் ஆஸ்பத்திரி அதே எழும்பூர்லதான் இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே நாள் அமையுதான்னு கேட்டா ஒரு நாள் கூலி மிச்சம்.

சரி, எது சாதாரண வலி, எது இந்த நோய்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? வளர்ற வயசு வலின்னா சாயங்காலமோ ராத்திரியோ ரெண்டு காலும் வலிக்கும், தேய்ச்சு விட்டா தூங்கும், காலையில எழுந்து ஓடிடும். வீக்கம் இருக்காது. மூட்டு வாதம் இதுக்குத் தலைகீழ். காலையில எழுந்ததும் விறைப்பா இருக்கும், கட்டை மாதிரி நடக்கும், வெயில் ஏற ஏற இளகும். மூட்டைத் தொட்டா சூடா, உப்பலா இருக்கும். சின்னக் குழந்தை வலின்னு சொல்லாது. நடக்கிறதை விட்டுட்டுத் தூக்கச் சொல்லும், சம்மணம் போட மறுக்கும், நொண்டும். தொண்டை வலிக்குப் பிறகு வர்ற வாதக் காய்ச்சல் வேற. அதுல வலி ஒரு மூட்டு விட்டு இன்னொண்ணுக்குத் தாவும், இதயத்தைப் பாதிக்கும், 3 வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போடுவாங்க. ரெண்டையும் குழப்பிக்காம டாக்டர்கிட்ட நேரடியாக் கேளுங்க. காய்ச்சலோட ஒரே மூட்டு திடீர்னு வீங்கி, தொடவே விடாம பிள்ளை கத்தினா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், காத்திருக்கக் கூடாது.

இப்ப வீட்டுல செய்யக்கூடியது. டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் உங்க பிள்ளையைப் பார்த்துச் சொன்ன பிறகு செய்யுங்க. செலவு ஒண்ணும் இல்லை.

காலையில அரை மணி முன்னாடி எழுப்பி வெந்நீர்ல குளிக்க வைங்க. விறைப்பு இளகும். அப்புறம் மெதுவா கை கால் மடக்கி நீட்டட்டும்.

முட்டிக்கு: காலை நீட்டி உட்கார வெச்சு, ஒரு துண்டைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில வைங்க. முட்டிக்கு அடியில இல்லை, குதிகாலுக்கு அடியில. இப்ப முட்டியைத் தரையைப் பார்த்து அமுக்கி 5 எண்ணட்டும். 10 தடவை. நீங்க மேல ஏறி அமுக்கக் கூடாது, எண்ணெய் போட்டு முரட்டுத்தனமா நீவவும் கூடாது.

இடுப்புக்கு: டி.வி. பார்க்கும்போது குப்புறப் படுக்கட்டும், 15 நிமிஷம். போன் பார்க்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

மணிக்கட்டுக்கு: எல்லாரும் இப்ப கை கூப்புங்க பார்க்கலாம். கூப்பினபடியே முழங்கையை மெதுவா வெளிப்பக்கம் உயர்த்துங்க. மணிக்கட்டுல இழுக்குதா? அதுதான் பயிற்சி. விரலுக்குச் சப்பாத்தி மாவு பிசையறது, பூ கட்டுறது, பல்லாங்குழி. நம்ம பாட்டிங்க விளையாட்டுன்னு வெச்சது எல்லாம் விரலுக்கு வைத்தியம்.

கணுக்காலுக்கு: சுவரைப் பிடிச்சுக்கிட்டு எக்கி நின்னு இறங்குறது. இதெல்லாம் பழகினதும் சைக்கிள், ஊஞ்சல், நடை, பாட்டுப் போட்டு ஆட்டம். பயிற்சின்னு சொன்னா எந்தப் பிள்ளையும் செய்யாது, விளையாட்டுன்னு சொல்லுங்க.

எவ்வளவு செய்யலாம்? விளையாடின பிறகு கொஞ்சம் வலி இருக்கலாம். 2 மணி நேரத்துக்கு மேல அந்த வலி நீடிச்சா அன்னைக்கு அளவு அதிகம், மறுநாள் குறைங்க, அடியோட நிறுத்தாதீங்க. வீக்கம் கூடி மூட்டு சூடா இருக்கிற நாள்ல குதிக்கிறதும் ஓடுறதும் வேண்டாம். ஆனா அன்னைக்கும் எல்லா மூட்டையும் மெதுவா ஒன்றிரண்டு தடவை மடக்கி நீட்டணும். கழுத்து மூட்டு பாதிச்ச பிள்ளைகள் குட்டிக்கரணம், தலைகீழ் ஆசனம் செய்யவே கூடாது, தலையில பாரம் தூக்கவும் கூடாது. கபடி மாதிரி மோதுற ஆட்டத்துக்கு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அந்தத் திருமுல்லைவாயல் பொண்ணுக்கு இதெல்லாம் சுலபமா நடக்கல. முதல் வாரம் பாட்டி என் கையைப் பிடிச்சுத் தள்ளினாங்க, "பச்சைப் பிள்ளையை இப்படி வதைக்கிறியே"ன்னு. அம்மாவுக்கும் கண்ணு கலங்கும். ஒரு நாள் பாட்டியையே பக்கத்துல உட்கார வெச்சு, "உங்க முட்டியும் அமுக்குங்க, யார் அதிகம்னு பார்ப்போம்"னு சொன்னேன். ரெண்டு பேரும் போட்டி போட ஆரம்பிச்சாங்க. மாசங்கள் ஆச்சு. முட்டி ஏறக்குறைய நீண்டுடுச்சு. நோய் இருந்த முட்டிக்கு ரத்த ஓட்டம் கூடினதுல வலது கால் கொஞ்சம் நீளமா வளர்ந்திருக்கு, அதனால இடது செருப்புல ஒரு அட்டை ஏத்தித் தெச்சிருக்கோம். நோய் முழுசாப் போகல. நடுவுல ரெண்டு தடவை வீக்கம் திரும்பி வந்தது. ஆனா பாட்டி தூக்குறது இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அதுவே நடந்து போகுது. அம்மா மறுபடி வேலைக்குப் போறாங்க, நிலுவைச் சேமிப்பையும் கட்டிட்டாங்க. பி.டி. டீச்சர்கிட்ட டாக்டர் சீட்டைக் காட்டி, "இது ஓடட்டும், முடியலன்னா அதுவே வந்து சொல்லும்"னு பேசினோம். இப்ப கோ கோ ஆடுது. வலி இருக்கிற நாள்ல தானாப் போய் ஸ்கோர் எழுதுது. பையைக் காவல் காக்கிறது இல்லை.

பள்ளிக்கூடத்துல இவ்வளவு கேட்டாப் போதும்: பிரேயர்ல தரையில உட்கார வைக்காம ஒரு நாற்காலி, ரொம்ப நேரம் ஒரே இடத்துல இருந்தா எழுந்து நடக்க அனுமதி, பி.டி. பீரியட்ல இடம். 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டிலும் மத்தவங்களோட சமமா வாய்ப்பு தரணும்னு பள்ளிகளுக்குச் சொல்லுது. நம்ம பிள்ளை மாற்றுத்திறனாளி சான்று வாங்குற நிலைக்கே போகாம பார்த்துக்கணும்னுதான் நான் பேசுறேன்.

எங்க போறதுன்னு கேப்பீங்க. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி சொன்னேன். சென்ட்ரலுக்கு எதிர்ல ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில வாத நோய்க்குன்னே ருமட்டாலஜி துறை இருக்கு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் 2013-ல தொடங்கின ராஷ்ட்ரிய பால் சுரக்ஷா திட்டத்து டாக்டர் குழு வண்டியில வரும்போது, "என் பிள்ளை காலையில நொண்டுது"ன்னு சொல்லி அனுப்புங்க. 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வர்ற பிசியோதெரபி சேவை இருக்கு. உங்க பகுதி சுகாதார நிலையத்துல கேளுங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள். தீர்மான நோட்டுல எழுதினா சந்தோஷம்.

ஒண்ணு, ஒரு உறுப்பினர் ரெண்டு கூட்டத்துக்கு வரலன்னா, தவணைக்கு முன்னாடி வீட்டுல யாருக்கு என்னன்னு கேளுங்க.

ரெண்டு, ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல அந்த அம்மாவுக்குக் கூலி போகுது. அதுக்குன்னு சின்னதா ஒரு அவசர உள்கடன், வட்டி குறைவா ஒதுக்குங்க. துணைக்கு ஒருத்தர் போங்க.

மூணு, அந்த வீட்டுக்குப் போனா "ஐயோ பாவம், பொம்பளப் பிள்ளையாச்சே, நாளைக்கு யாரு கட்டிப்பா?"ன்னு கேக்காதீங்க. பிள்ளை காதுல விழுது. அதுக்குப் பதிலா, "வாடி கண்ணு, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்"னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.

சாப்பாட்டு நேரம் ஆச்சுன்னு தலைவி அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. பந்திக்குப் போற முன்னாடி, வீட்டுல காலையில விறைச்சுப் போற பிள்ளை இருக்கிறவங்க என்கிட்ட வந்து ஒரு நிமிஷம் பேசிட்டுப் போங்க. நான் மேடைக்குப் பக்கத்துலயே இருப்பேன்.